ஹாஜரா மிஸ்ஸும் வராத தண்ணீரும்

தெஹியோவிட்டச் சந்தியில் அவிசாவளை பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தபோது கைபேசி அடித்தது. மறுமுனையில் நிலூகா. பல்கலைக்கழகத்தில் ஹாஜரா மிஸ்ஸோடு ஒரே துறையில் வேலை செய்தவர். "சிவா அய்யே, மிஸ் நெத்தி வுணா" என்றார். சிவா அண்ணா, மிஸ் இல்லாமல் போய்விட்டார் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிறவன் நான். அந்த வார்த்தை மட்டும் அன்று விளங்கவில்லை. "எந்த மிஸ்?" என்று கேட்டேன். நிலூகா அழத் தொடங்கினார். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்ததாம், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ரம்புக்கனையில் அடக்கம்.

அவிசாவளையில் மாறி, கேகாலையில் மாறி, ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இறங்கியபோது ஜனாஸாவை, மிஸ்ஸின் உடலை, எடுத்துப் போயிருந்தார்கள். அவருடைய தம்பியின் இரும்புக்கடை பாதிக் கதவு சாத்தியிருந்தது. முன்னால் கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேராசிரியர்கள், கண்டி ரயிலில் வந்திறங்கிய மாணவர்கள், ஊர்க்காரர்கள். அவர்கள் நடுவே நான் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாணவி கேட்டாள்: "நீங்க மிஸ்ஸுக்கு என்ன முறை?" யோசிக்காமல் சொன்னேன்: "மிஸ் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவங்க." அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். அவருடைய தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அப்ப கிளாக்கர் நீங்கதானா! ராத்தா உங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல" என்று அக்காவை நினைத்தபடி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இந்த நினைவு மலரில் முழுதாக எழுதுகிறேன். துக்கமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஹாஜரா மிஸ்ஸை நினைத்தால் கை வேகமாக ஓடுகிறது. அவரோடு நடந்தவர்களுக்கு அது தெரியும். அந்த மனுஷி எங்கேயும் மெதுவாகப் போனதில்லை.

உங்களில் பலர் அவரை வகுப்பறையிலும் மாநாட்டு மேடையிலும் அறிந்தவர்கள். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு அனுப்பும் உதவி எப்படி வந்து சேர்கிறது, அதை யார் நிர்வகிக்கிறார்கள், எங்கே யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் அவரைக் கண்டது தெஹியோவிட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். ரப்பர்ப் பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர், கணக்கு எழுதுகிறவன்.

ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் உதவியில் மேற்கணக்கு லயங்களுக்கு, அதாவது தோட்டத்து மேல்பிரிவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, குடிதண்ணீர்த் திட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். அது எப்படி நடக்கிறதென்று பார்க்க ஒரு குழு வந்தது. தலைவியாக நரைத்த முடி வெள்ளைக்கார அம்மா ஒருவர், அவருக்கு ஓர் உதவியாளர், கொழும்பிலிருந்து திட்ட அதிகாரி, தோட்டத்து நிர்வாகியான எங்கள் பெரிய துரை. இவர்களோடு காட்டன் சேலை கட்டிய ஒரு பெண். துரையோடு சிங்களத்திலும் வெள்ளைக்காரர்களோடு ஆங்கிலத்திலும் பேசினார். "கெம்பஸ் மிஸ்", பல்கலைக்கழகத்துக்காரர் என்று மட்டும் துரை சொன்னார். சிங்களப் பெண் என்றே நினைத்துக்கொண்டேன். தமிழை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும் வேலை எனக்கு.

லயத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பால் வெட்டுகிற பேச்சியம்மா எழுந்தார். அவர் பேசினால் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

"தொட்டி கட்டுனாங்க, பைப்பு போட்டாங்க, தேங்காயும் ஒடச்சாங்க. தண்ணிதாங்க வரல. தொறப்பு விழாவுக்கு பவுசர் லாரில கொண்டாந்து ஊத்துன தண்ணியத்தான் தொறந்து காட்டுனாங்க. அதோட சரி. இந்தா இருக்கா பாருங்க, ஏழு மாசம் இவளுக்கு. இன்னமும் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கீழ பீலித் தண்ணிக்கு எறங்கி ஏறுறா. வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா, தொரையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய துரையின் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. என் குவாட்டர்ஸ், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த முழங்கையிடம்தான் இருந்தன. நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "தொட்டி கட்டித் தந்ததற்குப் பெண்கள் நன்றி சொல்கிறார்கள். வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் நல்லது என்கிறார்கள்." வெள்ளைக்கார அம்மா சிரித்தபடி எழுதிக்கொண்டார். ஆங்கிலம் தெரியாத பேச்சியம்மா, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்ற திருப்தியில் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். கோப்பையோடு மூலையில் நின்ற என்னிடம் கெம்பஸ் மிஸ் வந்தார். தெளிவான தமிழில், எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பேசுகிற தமிழில், தணிந்த குரலில் கேட்டார்:

"கிளாக்கர், அந்தப் பொம்பள சொன்னதுல முக்காவாசி எங்க போச்சி?"

தேத்தண்ணி என் சட்டையில் கொட்டியது. அவர் என்னைத் துரையிடம் இழுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவரோ கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியை எடுத்தார்.

"பயப்புடாதீங்க, நான் ஒங்கள மாட்டிவிட வரல்ல. ஏன் மாத்திச் சொன்னீங்கண்டுதான் எனக்குத் தெரியோணும். பயத்துலயா, பழக்கத்துலயா, இல்லாட்டி அவங்க சொன்னது பெரிய விஷயமில்லண்டு நெனச்சா?"

ஏனோ எனக்குப் பொய் வரவில்லை. "மூணுந்தான் மிஸ்" என்றேன்.

அவர் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது. "மூணுமா! நான் முதல் ரெண்டுண்டுதான் நெனச்சிக்கிட்டு ஈந்தேன்!" என்று அங்கேயே நின்றபடி எழுதினார். ஒரு மனுஷனின் கோழைத்தனத்தைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிறவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அதில் ஏளனம் இல்லை. பல வருடமாகத் தேடிய இடத்தின் கதவு திறந்த சந்தோஷம் அது. பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "உதவி மேல இருந்து கீழ வாறதத்தான் எல்லாரும் ஆராய்ச்சி பண்றாங்க. கீழ இருந்து பேச்சு மேல போகுதே, அது வழியில எங்க எங்க தேயுதுண்டு யாரும் பாக்கிறதில்ல."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வந்தார். காலில் கன்வஸ் சப்பாத்து, கையில் குடை, அட்டைக் கடிக்குச் சவர்க்காரத் துண்டு. "பேச்சியம்மாவக் கூப்பிடுங்க, அந்தப் பைப்பு எங்கருந்து வருதுண்டு பாப்பம்" என்றார். மூன்று பேரும் தொட்டியிலிருந்து பைப்பைப் பிடித்துக்கொண்டே ரப்பர் மலையில் ஏறினோம். அது சில இடத்தில் மண்ணுக்குள் போனது, சில இடத்தில் வெளியே வந்தது. காணாமல் போன இடத்திலெல்லாம் பேச்சியம்மா பால் வெட்டுகிற கத்தியின் பிடியால் தட்டிப் பார்த்து, "இந்தா கெடக்கு!" என்று கத்துவார். மிஸ் ஓடுவார். மேலே தோட்டத்து எல்லைக்கான் என்ற வடிகாலுக்குப் பக்கத்தில், பன்னப் புதர்ப் பற்றைக்குள் பைப்பு முடிந்தது. எந்த ஓடையிலும் இல்லை, எந்த ஊற்றிலும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. ஊற்று இன்னும் கொஞ்ச தூரத்தில், எல்லைக்கு அப்பால், சிங்களக் கிராமத்துக் காணியில் சலசலத்துக்கொண்டிருந்தது.

மிஸ் அந்தப் பைப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். "சிவா, ஒரு நாட்டுல இருந்து பொறப்பட்டு, கடல் தாண்டி, கொழும்பு தாண்டி வந்த உதவி. இந்தப் பத்தைக்குள்ள வந்து நிக்கிது பாருங்க!" என்று கைதட்டிச் சிரித்தார். காலிலிருந்து ரத்தம் வடிவதைப் பேச்சியம்மாதான் பார்த்தார். "அய்யோ மிஸ், அட்ட கடிச்சிருக்குங்க!" மிஸ் அதையும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரங்களில் லீவு போட்டு அவரோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். திட்ட அலுவலகத்தில், தோட்டத்துக்குள் பைப்புப் போடுவதுதான் தங்கள் வேலை, அது முடிந்துவிட்டது என்றார்கள். தோட்ட நிர்வாகம், வெளிக்காணி தங்கள் அதிகாரத்தில் இல்லை என்றது. பிரதேச சபையில், தோட்டத்துக்குள் செலவு செய்யத் தங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாகக் கதிரை போட்டு, ஃபைலைத் திறந்து காட்டினார்கள். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. வெளியே வந்து மிஸ் சொன்னார்: "எல்லாரும் தங்கட வேலைய முடிச்சிட்டாங்க. தண்ணிதான் இன்னும் அதுட வேலைய முடிக்கல்ல." பிறகு திடீரென்று நின்றார். "சரி, ஊத்து அந்தக் கிராமத்தோடது. அவங்கள்ட்ட யாரு போய்க் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுநாளே கிராமத்துக்கு இறங்கினோம். ஊற்றுக்குப் பக்கத்து வயல்காரர் பியதாச மாமா. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் போஞ்சிக் கொடிப் பாத்தியைக் காட்டினார். கொடிக்கு ஊன்றியிருந்த கம்பெல்லாம் சிவப்புச் சாயம் அடித்த அளவைக் கட்டைகள். "கவுருவத் எஹுவே நே" என்றார். யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்காமல் என் காணியில் கட்டை அடித்தார்கள், பிடுங்கி எடுத்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

பேச்சியம்மாதான் முன்னால் போனார். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் சந்தையிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசிப் பழகிய பாஷை. பியதாச மாமாவின் மனைவியை அவருக்குச் சந்தையில் தெரியும். அவர் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். "நான் இப்ப கேக்குறேன், தர்றீங்களா இல்லியா? இல்லன்னா மலை எறங்குறதுக்குப் பதிலா ரெண்டு கொடத்தோட ஒங்க ஊட்டுக்கே வர்றேன்" என்பது அதன் சாரம். பியதாச மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். கேட்டால் தண்ணீரை யார் மறுப்பார் என்றார். இரண்டு நிபந்தனை வைத்தார்: வயல் விதைக்கிற நாட்களில் வாய்க்காலுக்குத்தான் முதல் தண்ணீர், கிராமத்துச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு குழாய். நாங்கள் திரும்பும்போது மிஸ் பாதையிலேயே துள்ளினார். அவருக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல்.

அந்தச் சந்தோஷத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் உண்மையைச் சொன்னார். அவரை இந்த ஆராய்ச்சிக்கு அனுப்பியதே அந்த வெளிநாட்டு நிறுவனம்தான். "இத இப்படியே எழுதினா என்னத் திரும்பக் கூப்புட மாட்டாங்க. கெம்பஸ்லயும் கொஞ்சப் பேருக்குப் பிடிக்காது. நான் எழுதத்தான் போறேன். அடுத்த மாசம் அந்தக் குழு திரும்ப வருது. நீங்க என்ன செய்யோணுமெண்டு நான் சொல்ல மாட்டேன், சிவா. ஒங்கட குடும்பம் அந்தத் தோட்டத்துல ஈக்கி."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தண்ணிக்கு நானுந்தானே போயி நிக்கிறேன்" என்றாள். அரிசியை உலையில் போட்டாள்.

குழு வந்தது. அதே பிள்ளைக்காம்பரா, அதே பாய், அதே முழங்கை. அந்த ஏழு மாதப் பெண்ணின் மடியில் இப்போது குழந்தை இருந்தது. மிஸ் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறையாவது என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவே இல்லை. பேச்சியம்மா எழுந்து, போன தடவை சொன்னதோடு பற்றைக்குள் முடிந்த பைப்பையும் சேர்த்து இன்னும் சூடாகச் சொன்னார்.

நான் எழுந்தேன். "முதலில் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். "போன தடவை இவர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். அன்று இவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொன்னதை அப்படியே சொல்கிறேன்." பவுசர் தண்ணீர், தேங்காய், பீலிப் படி, பற்றைக்குள் முடிந்த பைப்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, நீங்களா, துரையா என்று கேட்கிறார்" என்று முடித்தபோது என் முழங்கைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. துரை எழுந்து ஜன்னலுக்குப் போயிருந்தார். வெள்ளைக்கார அம்மா பேனையைக் கீழே வைத்தார். திட்ட அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தி, பேச்சியம்மாவிடம் நேராகக் கேட்டார்: "அந்த இடத்தை எனக்குக் காட்ட முடியுமா?" நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, பேச்சியம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் என்னைப் பார்க்கவில்லை என்று பிறகு மிஸ்ஸிடம் கேட்டேன். "நான் தலையத் தூக்கினா நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்க. பேச்சியம்மாவுக்காகப் பேசோணும்" என்றார்.

ஒரு மாதத்துக்குள் எனக்கு மாற்றல் வந்தது. அதே கம்பெனியின் தேயிலைத் தோட்டம், றக்வானைக்கும் மேலே. மகள் பள்ளிக்கூடம் மாறினாள், மனைவி இரண்டு நாள் பேசவில்லை. நான் செய்தது சரியா என்று அந்தக் குளிரில் பல தடவை யோசித்தேன். அப்படியொரு சனிக்கிழமை, வளைவு வளைவான அந்தப் பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே ஹாஜரா மிஸ் வந்து இறங்கினார். முகம் வெளிறிப் போயிருந்தது. உட்காரும் முன்பே கையெழுத்துப் பிரதியை நீட்டினார். "ஒங்களப் பத்தி ஒரு முழு அத்தியாயம். பேரப் போடல்ல. வாசிச்சிப் பாருங்க. வேணாமெண்டா கிழிச்சிப் போடுறேன்." வாசித்தேன். என் பயம், என் பழக்கம், என் அலட்சியம் மூன்றும் அதில் இருந்தன. நான் எழுந்து பேசிய நாளும் இருந்தது. "பேரையும் போடுங்க மிஸ்" என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்றுதான் அவள் சிரித்தாள்.

நிறுவனம் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. பதவி உயர்வும் அவருக்குப் பிந்தித்தான் கிடைத்தது. மிஸ் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் தானே எழுதி, ரோணியோ அடித்துப் பிரதிகள் எடுத்து, மூன்று ஆபீஸுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் அந்த வெள்ளைக்கார அம்மா பற்றைக்குள் போய்ப் பார்த்தது வீண் போகவில்லை. மிச்சப் பைப்பும் ஒரு பொறியியலாளரும் வந்தார்கள். கிராமத்து ஆட்களும் லயத்து ஆட்களும் சேர்ந்து பைப்புப் புதைக்கக் கான் வெட்டினார்கள்.

தண்ணீர் திறந்த அன்று நான் றக்வானையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். விழா வேண்டாம், தேங்காய் வேண்டாம் என்று பேச்சியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பியதாச மாமா மேலே வால்வைத் திறந்து கூவினார். லயத்துக் குழாய் இருமியது, காற்று விட்டது, காவிக் கலரில் துப்பியது. மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கு ஓடினார். "வந்திட்டா? இங்க வந்திட்டா?" கடைசி லயத்துக் குழாயில் சத்தமே இல்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு கல்லை அடிப்பது போலத் தண்ணீர் பாய்ந்தது. பேச்சியம்மா ஒரு வாளி நிறையப் பிடித்து, கலாநிதிப் பட்டம் வாங்கிய ஹாஜரா மிஸ்ஸின் தலையில் ஊற்றினார். மிஸ் கத்தினார். லயமே கத்தியது. பியதாச மாமா மலையிலிருந்து இறங்கி வந்து, என்ன சத்தம் என்று கேட்டு, தானும் ஒரு வாளி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு மிஸ் எங்கே ஆராய்ச்சிக்குப் போனாலும் என்னைக் கூப்பிட்டார். நான் தோட்ட வேலையை விட்டு, மொழிபெயர்ப்பையே தொழிலாக்கிக்கொண்டேன். சுனாமியில் கடல் பொங்கியதற்கு அடுத்த வருடம் கரையோர முகாம்களுக்குப் போனோம். ஒரு பொம்பளைக்கு ஐந்து நிறுவனம் ஐந்து சட்டி கொடுத்திருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது தொலைந்த பிறப்புச் சான்றிதழ். மிஸ் அதற்கும் துள்ளினார். "பாருங்க சிவா, கேட்டிருந்தா ஒரு கடுதாசியோட முடிஞ்சிருக்கும்!" போர்க்காலச் சோதனைச் சாவடியில் தமிழன் என்று என்னை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினால், இறங்கச் சொல்லாமலே அவரும் இறங்கி என் பக்கத்தில் நின்று, ஆராய்ச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். முகாம்களில் அவர் எனக்கு வைத்த ஒரே சட்டம் அது: ஒருவர் சொன்னதை மேலே கொண்டுபோகும் முன், அவருடைய பாஷையிலேயே அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்; அவர் சரி என்ற பிறகுதான் அது நகர வேண்டும். நேரம் போகும், அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்பார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் கேகாலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் வீட்டுத் திட்டம் பற்றிய கூட்டம். பேச ஆளில்லாமல் எல்லோரும் தயங்க, ஓர் இளம்பெண் எழுந்து நான்கு வார்த்தை சொல்லி உட்கார்ந்தாள். நான் எழுதிக்கொண்டதை அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். "இதுதானே சொன்னீங்க? சரிதானா?"

அவள் மறுபடி எழுந்தாள்.

"சரிதாங்க. ஆனா நீங்க மெதுவாச் சொல்றீங்க. நான் கோவமாத்தாங்க சொன்னேன்."

"சரிம்மா" என்றேன். அதிகாரிகள் பக்கம் திரும்பி, கோபமாகவே சொன்னேன்.